கடவுள்மேல் கோபப்படலாமா? வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆயரின் பதில்கள்

கேள்வி: என் அம்மா பல மாதங்கள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். இரவும் பகலும் ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "தேவசித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கடவுள்மேல் கோபம் கோபமாக வருகிறது. வேதத்தைத் திறந்தாலே எரிச்சல். இந்தக் கோபம் பாவமா, ஐயா?
(ஒரு வாசகி)

பதில்: பாவம் இல்லை, சகோதரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

வேதத்தைத் திறந்தால் எரிச்சல் வருகிறது என்கிறீர்கள். சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. இப்படிக் கேட்டவனை யாரும் கோயிலுக்கு வெளியே தள்ளவில்லை. அவன் கேட்டதையே எழுதி வைத்து, தலைமுறை தலைமுறையாக ஆராதனையில் பாடினார்கள். பெரும்பாலான புலம்பல்கள் கடைசியில் ஏதாவது ஒரு நம்பிக்கையில் போய் நிற்கும். 88-ஆம் சங்கீதம் அப்படியும் நிற்பதில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருட்டுதான். அதையும் எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆயராக இருந்த காலத்தில் நான் மிக அதிகமாக வாசித்துக் காட்டியது அந்தச் சங்கீதம்தான். ஆறுதல் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் அதைக் கேட்பார்கள். "இன்னொரு தடவை வாசியுங்கள்" என்பார்கள்.

யோபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளை இழந்து, உடலெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். அதன்பின் பேச ஆரம்பித்தார்கள், கடவுளுக்காக வாதாடினார்கள். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுத்தார், பிறந்த நாளைச் சபித்தார், பதில் சொல்லும் என்று கேட்டார். 42 அதிகாரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார் தெரியுமா? தம்மைக் காப்பாற்றப் பேசிய நண்பர்கள்மேல். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களிடம் சொல்கிறார். அதோடு விடாமல், யோபுவைத் தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்கும்படி அவர்களை அனுப்புகிறார்.

"தேவசித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை மன்னித்துவிடுங்கள். அவர்களுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. ஆனால் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயம் இல்லை. லாசரு இறந்தபோது அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து இயேசுவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அது குற்றச்சாட்டு. ஆள் அனுப்பியும் இரண்டு நாள் தாமதித்து வந்தவரிடம் நேருக்கு நேர் சொன்ன குற்றச்சாட்டு. அவர் அதைத் "தேவசித்தம்" என்று சொல்லி மூடவில்லை, கண்ணீர் விட்டார். சிலுவையில் அவரே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறினார். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கிறிஸ்தவ விசுவாசத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் தேவனுடைய குமாரன். அவர் கேட்டதை நீங்கள் கேட்கக்கூடாது என்று யார் சொல்ல முடியும்?

இப்போதைக்கு உங்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அவரைப் பற்றி மற்றவர்களிடம் கோபப்படுவதை விட்டு அவரிடமே கோபப்படுங்கள். ஜெபம் வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதத்தை உரக்க வாசியுங்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான்.

கேள்வி: கடவுள் எதற்காக மனிதனைப் படைத்தார்? தனியாக இருந்தது போரடித்ததா? அல்லது நாம் அவரைப் புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவா?
(கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டும் இல்லை, தம்பி. கேள்வி நல்ல கேள்வி.

பழைய பாபிலோனியப் படைப்புக் கதை ஒன்று இருக்கிறது. அதில் கலகம் செய்து தோற்ற கிங்கு என்ற தெய்வத்தைக் கொன்று, அதன் இரத்தத்தில் மனிதனை உண்டாக்குகிறார்கள். காரணம் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது: தெய்வங்கள் செய்யவேண்டிய வேலையை மனிதன் சுமக்க வேண்டும், தெய்வங்கள் ஓய்வெடுக்க வேண்டும். ஆதியாகமத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இங்கே கடவுளுக்குப் பசி இல்லை, களைப்பு இல்லை, ஆள் தேவை இல்லை. மனிதனுக்கு உணவு எங்கே கிடைக்கும் என்று அவர்தான் காட்டுகிறார். "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்று 50-ஆம் சங்கீதத்தில் அவரே சொல்கிறார். ஏதென்ஸ் நகரத்து அறிஞர்களிடம் பேசிய பவுலும் இதையே சொன்னார்: எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் கொடுக்கிறவருக்கு மனிதர் கையால் பணிவிடை தேவையில்லை.

தனிமையும் காரணமாக இருக்க முடியாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திருச்சபை அறிக்கையிடுவது இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். "உலகத்தோற்றத்துக்கு முன்னே" பிதா தம்மில் அன்பாயிருந்தார் என்று இயேசு ஜெபிக்கிறார் (யோவான் 17). அன்புக்கு ஆள் தேடி நம்மை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அன்புக்குள் நம்மையும் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்கு நம்மிடமிருந்து எதுவும் ஆகவேண்டியதில்லை என்பதால்தான் அவர் நம்மை நேசிப்பதை நான் நம்புகிறேன். நம்மால் ஏதாவது காரியம் ஆகவேண்டியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து எகிப்தில் அரசனைத் தெய்வத்தின் சாயல் என்பார்கள். ஆதியாகமம் அந்தப் பெருமையை அரசனிடமிருந்து எடுத்து, ஆண் பெண் என்று பாராமல் மனிதர் அனைவருக்கும் கொடுத்துவிட்டது. படிக்காதவர், நினைவு தப்பிய கிழவர், இன்னும் பேச்சு வராத குழந்தை, எல்லாரும் அதில் அடக்கம்.

கேள்வி: நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். தசமபாகம் கொடுக்கிறேன். உபவாசம் இருக்கிறேன். ஆனால் தொழிலில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். கடவுள் மனிதனோடு உடன்படிக்கை செய்தார் என்கிறீர்களே, என் பங்கை நான் செய்துவிட்டேன். அவர் பங்கு எங்கே?
(ஒரு வியாபாரி)

பதில்: உங்கள் நஷ்டத்துக்காக உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் உடன்படிக்கை வேதத்தில் உள்ளது இல்லை.

ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கடவுள் ஆபிராமிடம் (பின்னாளில் ஆபிரகாம் என்று பேர் பெற்றவர் இவர்தான்) மூன்று வயதுள்ள கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றையும் ஒரு காட்டுப்புறாவையும் ஒரு புறாக்குஞ்சையும் கொண்டுவரச் சொல்கிறார். ஆபிராம் மிருகங்களை நடுவாகப் பிளந்து, துண்டுகளை எதிரெதிரே வைக்கிறார். அக்காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடந்து போவார்கள். வாக்கு மீறினால் இந்த மிருகத்துக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்பது அதன் பொருள். எரேமியா 34-ஆம் அதிகாரத்தில் இந்த வழக்கம் பற்றிய குறிப்பு இருக்கிறது.

இப்போது கவனியுங்கள். துண்டுகளை வைத்தாயிற்று. மேலே வந்து இறங்கிய பறவைகளை ஆபிராம் விரட்டிக்கொண்டிருக்கிறார். பொழுது சாய்கிறது. ஆபிராமுக்கு அயர்ந்த தூக்கம் வந்துவிடுகிறது. இருட்டில் புகைகிற சூளையும் எரிகிற தீபமும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே கடந்து போகின்றன. ஆபிராம் நடக்கவில்லை. நடக்கும்படி யாரும் அவரை எழுப்பவும் இல்லை. இரண்டு பேர் நடக்கவேண்டிய வழியில் கடவுள் மட்டும் நடக்கிறார். மீறினால் வரும் சாபத்தையும் அவரே ஏற்றுக்கொள்கிறார்.

பிறகு சீனாய் மலையில் கட்டளைகள் வந்தன, உண்மைதான். மக்களும் செய்வோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் கட்டளை வருவதற்கு முன்பே எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை வந்துவிட்டது. பத்துக் கட்டளைகளின் முதல் வரியே, உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினவர் நான் என்பதுதான். அந்த மக்கள் வாக்கை மீறினார்கள், பலமுறை. அவர்களைக் கைகழுவிவிடாமல், பாவங்களை இனி நினையாத புதிய உடன்படிக்கை ஒன்றைச் செய்வேன் என்று எரேமியா 31-இல் கடவுள் சொன்னார். சிலுவைக்கு முந்தின இரவு இயேசு கிண்ணத்தை எடுத்து, இது என் இரத்தத்தினாலான புதிய உடன்படிக்கை என்றார். துண்டுகளுக்கு நடுவே நடந்தவர் அதற்கான விலையைக் கொடுத்த இரவு அது. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே உங்கள் காணிக்கைக்கும் தொழில் லாபத்துக்கும் கடவுள் எங்கும் முடிச்சுப் போடவில்லை. கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று யாராவது மேடையில் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அந்த வாக்குக்கு அவர்கள்தான் பொறுப்பு, கடவுள் அல்ல. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கஷ்டத்தில் இருப்பவரின் கடைசிப் பணத்தைக் கடவுளின் பெயரால் வாங்குவதைவிடக் கொடுமையான காரியம் எனக்குத் தெரியாது. கடன் நெருக்குகிறது என்றால் இப்போதைக்குத் தசமபாகத்தை நிறுத்திவிட்டுக் கடனை அடையுங்கள். கடவுள் உங்கள்மேல் வைத்த அன்பு ஒரு துளியும் குறையாது. ஆராதனைக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே உங்களைத் தாங்கும் மனிதர்கள் இருப்பார்கள்.

கேள்வி: மிருகங்களுக்கும் கடவுளுக்கும் உறவு உண்டா?
(ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: உண்டு, பாப்பா. வெள்ளம் வடிந்த பிறகு கடவுள் நோவாவோடு மட்டும் உடன்படிக்கை செய்யவில்லை. பேழையிலிருந்து இறங்கிய பறவைகள், மிருகங்கள் எல்லாவற்றோடும் செய்தார். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் பார். யோனா புத்தகத்தின் கடைசி வரியையும் வாசி. நினிவே நகரத்தை ஏன் அழிக்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்லும்போது, அங்கிருந்த லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான மனிதர்களோடு மிருகஜீவன்களையும் கடவுள் சேர்த்துக்கொள்கிறார்.

கேள்வி: கடவுளை "அப்பா" என்று கூப்பிடச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. என் அப்பா குடித்துவிட்டு எங்களை அடிப்பவர். அந்தச் சொல்லைச் சொன்னாலே உடம்பு நடுங்குகிறது. கர்த்தருடைய ஜெபம் "எங்கள் பிதாவே" என்றுதானே தொடங்குகிறது, அதைக்கூட என்னால் தொடங்க முடியவில்லை. நான் கடவுளை விட்டு விலகிவிட்டேனா?
(பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை, அம்மா. கூப்பிட முடியாத சொல்லை வைத்துக் கடவுள் யாரையும் சோதிப்பதில்லை.

இயேசு கடவுளைப் பிதா என்று அழைத்தார், நமக்கும் அப்படி அழைக்கும் உரிமையைக் கொடுத்தார். அது மிகப் பெரிய ஈவு. ஆனால் அந்த ஒரு கதவு மட்டும்தான் என்று வேதம் சொல்லவில்லை. ஏசாயா 49-இல் அவர் தம்மைப் பாலூட்டும் தாயோடு ஒப்பிடுகிறார்: "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." பெற்றவர்கள் மறக்கக்கூடும் என்பதை அந்த வசனம் ஒத்துக்கொள்கிறது, கவனித்தீர்களா? 27-ஆம் சங்கீதமும் அப்படித்தான். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்." மேய்ப்பர் என்று கூப்பிடலாம். கன்மலை என்று கூப்பிடலாம். இனி நான் உங்களை ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்றேன் என இயேசு கடைசி இரவில் சொன்னாரே, அதனால் நண்பர் என்றும் கூப்பிடலாம்.

உங்களுக்கு ஆகாரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவள் ஆபிராமின் வீட்டில் எகிப்திய அடிமைப்பெண். கர்ப்பமாயிருந்தபோது எஜமானி கொடுமைப்படுத்தினாள் என்று வனாந்தரத்துக்கு ஓடிவந்தவள். அந்த வீட்டில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை, "அடிமைப்பெண்" என்றுதான் பேசுகிறார்கள். தண்ணீர் ஊற்றண்டையில் அவளைக் கண்ட தேவதூதன் "ஆகாரே" என்று கூப்பிட்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார். வேதத்தில் கடவுளுக்கு முதன்முதலாகப் பேர் சூட்டியவள் இவள்தான். ஆபிரகாமும் இல்லை, மோசேயும் இல்லை. அவள் வைத்த பேர்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." இப்போதைக்கு உங்களுக்கு அந்தப் பேர் போதும். கர்த்தருடைய ஜெபத்தை "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். "அப்பா" என்பது ஒருநாள் வந்தால் வரட்டும். வராமலே போனாலும் நீங்கள் அவர் பிள்ளைதான்.

இன்னும் அடி தொடர்கிறது என்றால் தயவுசெய்து அதைச் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். பாதுகாப்பான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், தேவைப்பட்டால் காவல்துறையிடம் போங்கள். பெற்றோரைக் கனம்பண்ணு என்ற கட்டளை அடிவாங்கச் சொல்லும் கட்டளை அல்ல.

கேள்வி: யார் இரட்சிக்கப்படுவார்கள், யார் மாட்டார்கள் என்று கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டாரா? அப்படியானால் நான் எதற்கு முயற்சி செய்யவேண்டும்? நான் தள்ளப்பட்டவனோ என்று பயமாக இருக்கிறது.
(இளைஞர் குழு உறுப்பினர்)

பதில்: திருச்சபை 1,600 ஆண்டுகளாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறது. பெலேகியு என்ற துறவி, மனிதன் மனம் வைத்தால் சொந்த முயற்சியால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவில் பேராயராக இருந்த அகஸ்தீன் அதை எதிர்த்தார். மனம் வைப்பதற்கே முதலில் கிருபை வேண்டும் என்றார். 418-இல் கார்த்தேஜ் நகரத்தில் கூடிய திருச்சபைச் சங்கம் பெலேகியுவின் போதனையைத் தள்ளியது. அதோடு முடியவில்லை. 529-இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் கிருபைதான் முந்துகிறது என்று மறுபடி உறுதி செய்தது. அதே மூச்சில், கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்கிறவர்களை வெறுப்போடு மறுத்தது. உங்கள் பயத்துக்கு அந்த வரியே மருந்து, தம்பி.

1618, 1619-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரத்துச் சங்கம், இரட்சிக்கப்படுவோரைக் கடவுளே முன்பே தெரிந்துகொண்டார் என்ற பக்கம் உறுதியாக நின்றது, பிற்பாடு மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, கிருபை எல்லாருக்கும் உண்டு, மனிதன் அதை ஏற்கவோ தள்ளவோ முடியும் என்ற மறுபக்கம் நின்றார். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், நாம் நீதிமான்களாவது கிருபையினால்தான் என்று ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் சேர்ந்தன. அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொல்லிவிட்டு, உங்களுக்குள்ளே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன் என்று அடுத்த வரியிலேயே சொல்கிறார். முதல் வரியை வைத்துக்கொண்டு இரண்டாவதை அழிப்பவரையும், இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை அழிப்பவரையும் நான் நம்புவதில்லை. முன்குறித்தல் பற்றிய வசனங்கள் எல்லாம், பாடுபட்ட விசுவாசிகளுக்கு "நீங்கள் தற்செயலாக இங்கே வந்தவர்கள் அல்ல" என்று தைரியம் சொல்ல எழுதப்பட்டவை. யாரையும் கணக்கிலிருந்து நீக்க எழுதப்பட்டவை அல்ல. தள்ளப்பட்டிருப்பேனோ என்று நீங்கள் தவிப்பதே, அவர் உங்களை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்பா நினைவு தெளிவில்லாமல் இருந்தபோது கையெழுத்து வாங்கி, தங்கையின் பங்கையும் என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் கடவுளிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மன்னித்துவிட்டார் என்று போதகர்களும் சொல்கிறார்கள். ஆனால் நிம்மதி இல்லை. எனக்கு விசுவாசம் போதவில்லையா?
(ஒரு வாசகர்)

பதில்: உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நிம்மதி வராததுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் கிருபை. வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டீர்கள்.

கடவுளிடம் மன்னிப்பு உண்டா என்றால், உண்டு. பேதுருவைப் பாருங்கள். கரிநெருப்பு அருகே குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர். உயிர்த்தெழுந்த இயேசு அவருக்காகக் கடற்கரையில் கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தார். சாப்பிட வைத்த பிறகுதான் பேசினார். மூன்று முறை, நீ என்னில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் எழுதுகிறார். இயேசு நடந்ததை மறைத்துப் பேசவில்லை, மறுத்த எண்ணிக்கையையே கேள்விகளின் எண்ணிக்கையாக்கினார். பிறகு தம் ஆடுகளையே அவர் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்றால் நடந்தது நடக்காததுபோல ஆவதல்ல. நடந்ததை அவர் முன்னால் வைத்து, அதற்குப் பிறகும் அவரோடு இருப்பது.

ஆனால் நீங்கள் கடவுளிடம் கேட்பதில் ஒரு பகுதி உங்கள் தங்கை கொடுக்க வேண்டியது. அதை அவள் தலைக்கு மேலாகக் கடவுளிடம் வாங்கிக்கொள்ள முடியாது. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இதற்கு நேரடியாகவே வழி சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்ததை முழுவதும் திரும்பக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தாயோ அவருக்கே கொடு. மலைப்பிரசங்கத்தில் இயேசு இன்னும் கடுமையாகச் சொல்கிறார். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு. கடவுள் தமக்கு வரவேண்டியதைக் காத்திருக்க வைத்துவிட்டு உங்கள் தங்கையை முன்னே நிறுத்துகிறார். அவரோடு உள்ள உறவும் அவளோடு உள்ள உறவும் ஒன்றையொன்று விட்டுத் தனியாக நிற்பதில்லை.

சகேயு வரி வசூலிப்பவர்களின் தலைவன். இயேசு, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்று சொல்லிப் போய் உட்கார்ந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வருகிறேன் என்று நிபந்தனை போடவில்லை. அவர் வந்ததால்தான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். உங்கள் விஷயத்திலும் வரிசை அதுதான். அவர் உங்களை மன்னிக்க நீங்கள் பத்திரத்தை மாற்றவேண்டியதில்லை. மன்னிக்கப்பட்டவர் என்பதால் மாற்றுங்கள்.

முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, பங்கைத் திரும்ப எழுதித் தர என்ன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான ஏற்பாட்டோடு தங்கையிடம் போங்கள். வெறும் வார்த்தையோடு போகாதீர்கள். இத்தனை வருடம் அந்தச் சொத்தில் வந்த வருமானத்தையும் கணக்கில் சேருங்கள். நேரில் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். அவள் அழலாம், திட்டலாம், பேச்சை நிறுத்தலாம். "கடவுளே மன்னித்துவிட்டார், நீ மன்னிக்கக்கூடாதா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அவள் மன்னிப்பதற்குக் காலக்கெடு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கேள்வி: இயேசு பாதி கடவுள், பாதி மனிதரா?
(ஒரு வாசகர்)

பதில்: இல்லை. முழுவதும் கடவுள், முழுவதும் மனிதர். 451-இல் கல்செதோன் சங்கம் இதைத் தீர்மானமாக எழுதியது: இரண்டு இயல்புகள், ஒரே ஆள், கலப்பும் இல்லை, பிரிவும் இல்லை. இது தர்க்கத்துக்காகச் செய்த விவாதம் அல்ல. கிரேக்கத் திருச்சபைத் தந்தையான நசியான்சு கிரகோரியார் அதற்கு முந்தின நூற்றாண்டிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். நம்மில் எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகாது. அவருக்கு மனித மனம் இல்லையென்றால் நம் மனக்கலக்கத்தை அவர் அறியமாட்டார். அவர் கடவுள் இல்லையென்றால் அவர் அறிந்திருந்தும் நமக்குப் பயனில்லை.

கேள்வி: நமக்கு என்ன தேவை என்று கேட்பதற்கு முன்பே கடவுளுக்குத் தெரியும் என்று இயேசுவே சொல்கிறார். பிறகு எதற்கு ஜெபம்?
(ஒரு வாசகி)

பதில்: அதைச் சொன்ன அடுத்த வசனத்திலேயே ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறார், மத்தேயு 6-ஐப் பாருங்கள். தெரியும் என்பதால் கேட்கவேண்டாம் என்று அவர் முடிவுகட்டவில்லை. எரிகோவில் பர்திமேயு என்ற குருடன் கூச்சலிட்டுக்கொண்டு வந்து நின்றபோது, "நான் உனக்கு என்னசெய்யவேண்டும்?" என்று கேட்டார். கூட்டத்திலிருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஆனாலும் அவன் வாயால் சொல்ல விட்டார். அதுவரை அவனை எல்லாரும் அதட்டிக்கொண்டிருந்தார்கள், பேசாமலிரு என்று. முதல் தடவையாக ஒருவர் அவனை நிறுத்திக் கேட்கிறார்.

அழிவுக்குக் காத்திருந்த சோதோம் நகரத்தைக் காப்பாற்ற ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசியதும் அப்படித்தான். ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்து நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் சரி என்றார் கடவுள். பேச்சை நிறுத்தியது ஆபிரகாம்தான். இப்படிப்பட்ட உரையாடலுக்குத் தம்மைத் திறந்து வைத்திருக்கும் கடவுளைத்தான் நாம் வணங்குகிறோம்.

கேட்டதெல்லாம் கிடைக்குமா என்றால், இல்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடு என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு கேட்டது நடக்கவில்லை. தம் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை கேட்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதில் வந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜெபிக்க வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீளமாக வேண்டாம், நல்ல சொற்கள் வேண்டாம். பிள்ளைக்காகத் தவித்த ஒரு தகப்பன் இயேசுவிடம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக அவன் சொன்ன அந்த ஒரு வரிக்கே பிள்ளை குணமானான். காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் மனதில் வேறு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் தூங்குங்கள்.